வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பது? நாய்ப் பராமரிப்பாளரின் ஒரு நாள்

பெடாஸ்: தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் பெடாஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் பல கிளம்பிவிடும். சிலர் பத்துமலைக்கு, சிலர் பினாங்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு, சிலர் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு. பெடாஸ் - லிங்கி டோல் சாவடியில் ஏறிவிட்டால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைதான். பையில் துணி அடுக்கியாகிவிட்டது, விளக்கை அணைத்தாகிவிட்டது. வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசி நேரத்தில்தான் பலருக்கு வருகிறது.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. லயத்தில் ஒரு வீட்டு நாய் என்றால் அது பத்து வீட்டு நாய். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களோடு அதுவும் போகும். பால்மரக் காட்டில் நிரை நிரையாகச் சுற்றிவிட்டுத் திரும்பும். வீட்டுக்காரர் இரண்டு நாள் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் மிச்சச் சோறு கிடைக்கும். இன்று அந்தக் குடும்பங்களில் பல தாமான்களில், வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே அடைபட்ட நாய் யாரிடமும் போக முடியாது. அடுத்த வீட்டுக்காரருக்கு நாய் பிடிக்காமலும் இருக்கலாம்.

அதனால்தான் மற்றவர் நாயைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதும், அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிப்பதும் பட்டணங்களில் ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. தோட்டப்புறத்துப் பெண்களும், ஓய்வு பெற்றவர்களும் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை இது. "நாய்க்குச் சோறு போடுவதற்கு ஒரு வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சோறு போடுவது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. ஒரு நாள் முழுக்க அந்த வேலை எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது புரியும்.

முதலில் கேள்வி, பிறகுதான் நாய்

வேலை தொடங்குவது நாய் வந்து இறங்கும் நாளில் அல்ல. அதற்கு முன்பே, உரிமையாளரிடம் பேசும்போது தொடங்கிவிடுகிறது.

"அக்கா, நாலு நாளைக்கு நாயைப் பார்த்துக்குங்க. எது போட்டாலும் சாப்பிடும், ஒன்னும் செய்யாது" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கையில் கொடுப்பவர்கள்தான் அதிகம். அனுபவமுள்ள பராமரிப்பாளர் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். "இருங்க தம்பி, கொஞ்சம் கேட்டுக்கிறேன்" என்று உட்கார வைப்பார். தடுப்பூசி அட்டை எங்கே? கடைசியாக எப்போது ஊசி போட்டது? என்ன மருந்து சாப்பிடுகிறது? யாரையாவது கடித்திருக்கிறதா? இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா? வேலி தாண்டுமா? மற்ற நாயோடு சேருமா? எந்தக் கிளினிக்கில் காட்டுகிறீர்கள்? நீங்கள் விமானத்தில் இருக்கும்போது அவசரம் என்றால் முடிவு செய்ய வேண்டியவர் யார்? செலவு எவ்வளவு வரை போகலாம்?

கடித்த கதையை மறைக்கும் உரிமையாளர், பராமரிப்பாளரின் கையை மட்டும் ஆபத்தில் விடுவதில்லை. அதே வீட்டில் தங்கியிருக்கும் மற்ற நாய்களையும் ஆபத்தில் விடுகிறார்.

தடுப்பூசி விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது. பார்வோ கிருமி குட்டிகளின் குடலைத் தாக்கி இரத்தப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும். மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து, 16 வாரம் ஆகும்வரை போட்டு முடித்த பிறகே ஒரு குட்டியைப் பல நாய்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை நாயை ஆண் நாய்கள் உள்ள வீட்டில் சேர்ப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். அந்தப் பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும்.

விடியற்காலை: ஒவ்வொன்றாக

ஒரு வீட்டில் நான்கு நாய்கள் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காவலுக்கு வளர்த்த நாட்டு நாய் ஒன்று, தட்டை மூக்கு சிட்சூ ஒன்று, மூட்டு வலியுள்ள வயதான ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று, ஒரு வயதுகூட ஆகாத துடிப்பான நாய் ஒன்று.

ஆறு மணிக்கெல்லாம் எழுந்துவிட வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் வாசலிலேயே சண்டை தொடங்கும். ஒவ்வொன்றாக வெளியே விட்டு, மலம் கழிப்பதைப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் உண்மையிலேயே பார்ப்பது. தண்ணீராகப் போகிறதா, இரத்தம் தெரிகிறதா, புழு இருக்கிறதா? பேச முடியாத உயிரின் உடல்நிலையைச் சொல்லும் முதல் தகவல் அதுதான்.

வெயில் ஏறுவதற்கு முன் நடை. எட்டு ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலை சூடேறத் தொடங்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நடைக்குக் கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம். கழுத்துப்பட்டையில் பராமரிப்பாளரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். உரிமையாளரின் எண் மட்டும் இருந்தால், நாயைக் கண்டெடுத்தவர் அழைக்கும்போது அவர் வெளிநாட்டில் இருக்கக்கூடும்.

அக்கம்பக்கத்து மனமும் முக்கியம். ரெம்பாவ் மாவட்டத்துக் கம்போங்குகளிலும் தாமான்களிலும் மலாய்க்காரக் குடும்பங்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குச் சமய முறைப்படி கழுவ வேண்டிய கடமை உண்டு. எனவே சூராவ் பக்கமாக நடத்திச் செல்லாமல் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதும், எதிரில் ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நிற்பதும், நாய் அசுத்தம் செய்தால் பையில் அள்ளி எடுத்துவருவதும் தொழிலின் ஒரு பகுதி. பல இடங்களில் நாய்ப் புகார்கள் நாயால் வருவதில்லை, அதைப் பிடித்திருப்பவரின் அலட்சியத்தால் வருகின்றன.

சாப்பாடு: தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை

நடை முடிந்ததும் சாப்பாடு. நான்கு நாய்களுக்கு நான்கு இடம். வீட்டில் சாதுவாக இருக்கும் நாய்கூடத் தட்டின் பக்கத்தில் இன்னொரு நாய் வந்தால் சீறும். உரிமையாளர் கொடுத்துவிட்ட அதே உணவைக் கொடுப்பதே நல்லது. திடீரென்று உணவை மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

இங்கே நம் வீட்டுப் பாசமே எதிரியாகிவிடுகிறது. "பாவம், கறிக் குழம்பு ஊற்றிக் கொடுப்போம்" என்று தோன்றும். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பண்டிகைக் காலத்தில் கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சுதான். வயதான நாய் வலியில் முனகினால் மனிதர்கள் சாப்பிடும் பனடோல் போன்ற மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. கால்நடை மருத்துவர் எழுதித் தந்ததை, எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுக்க வேண்டும்.

யார் எவ்வளவு சாப்பிட்டது, எது மிச்சம் வைத்தது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். வீட்டை விட்டு வந்த முதல் நாள் பல நாய்கள் சாப்பிடாது. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். எசமானர் நான்கு நாளில் வருவார் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அவர் போய்விட்டார் என்பதுதான். ஒரு நாள் பட்டினி இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாம் நாளும் தட்டைத் தொடாவிட்டால், அல்லது வாந்தியும் சோர்வும் சேர்ந்தால், மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த இரண்டாம் நாள் எது என்று அந்த நோட்டில்தான் இருக்கும்.

பிறகு கழுவும் வேலை. சோப்பு நீரால் அழுக்கை நீக்கிவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்பானை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். பார்வோ கிருமி சாதாரணச் சோப்புக்குச் சாகாது. தரை காயும்வரை நாய்களை அந்தப் பக்கம் விடக்கூடாது. எலிகள் நடமாடும் வீடு என்றால் உணவு மூட்டையை மூடி வைப்பதும், தண்ணீர்த் தட்டை இரவில் கழுவி மாற்றுவதும் அவசியம். எலியின் சிறுநீர் மூலம் பரவும் காய்ச்சல் நாயையும் தாக்கும், அதைப் பார்த்துக்கொள்பவரையும் தாக்கும்.

நண்பகல்: வெயிலும் இடியும்

பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை நாய்களுக்கு ஓய்வு. பராமரிப்பாளருக்கு அது காவல் நேரம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சிட்சூ, பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பான ஈறு, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, காற்றாடியைப் போட வேண்டும். பிறகுதான் கிளினிக். பெடாசிலிருந்து சிரம்பானுக்குப் போகும் நேரத்தில் சூடு குறையாமல் இருந்தால் வழியிலேயே உயிர் போய்விடலாம். நிறுத்தி வைத்த காடிக்குள் நாயை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதை, ஐந்து நிமிடம்தானே என்று யாரும் நினைக்கக்கூடாது.

மாலையில் மேகம் திரண்டு இடி இடித்தால் வேறு பிரச்சினை. பயந்த நாய் வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டும், கம்பியைக் கடிக்கும், கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் வெடிச்சத்தத்திலும் இதேதான் நடக்கும். இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிட்டு, உள் அறையில் அடைத்து, தொலைக்காட்சியையோ காற்றாடியையோ ஓடவிட்டு, பக்கத்தில் ஆள் இருப்பதே வழி. ஓடிப்போன நாய் சாலையில் அடிபடலாம், அல்லது தெருநாய் என்று பிடிபடலாம்.

மாலை: தோட்டத்து ஓரம்

ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் நடை, கொஞ்சம் விளையாட்டு. பழகிய இரண்டு இரண்டாகத்தான் விட வேண்டும். சண்டை மூண்டால் நடுவில் கையை விடக்கூடாது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அடிப்பதும், தகரத்தைத் தட்டிப் பெருஞ்சத்தம் எழுப்புவதும் கையைக் காப்பாற்றும்.

பெடாஸ் போன்ற இடங்களில் பட்டணத்துப் பராமரிப்பாளருக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. தாமானின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். செம்பனைப் பழத்தைத் தேடி எலி வரும், எலியைத் தேடி நாகப்பாம்பு வரும். இங்குள்ள நாகத்தில் நஞ்சைக் கண்ணில் பீய்ச்சும் வகையும் உண்டு. அப்படிப் பட்டால் நாயின் கண்ணைப் பதினைந்து நிமிடமாவது தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மழை பெய்த இரவில் தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி முகத்தைக் கீழே சாய்த்துக் கழுவ வேண்டும்.

இவற்றையெல்லாம் விட மோசமானது எலி மருந்து. செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லைக்கு மரத்தடியில் நஞ்சுக் கட்டிகளை வைப்பது வழக்கம். வார்ஃபரின், புரோடிஃபாகம் போன்ற மருந்துகள் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்து, இரத்தம் உறையாமல் ஆக்கிவிடும். நாய் அதைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடும், சாப்பிடும், தூங்கும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கிலோ மலத்திலோ இரத்தம், மூச்சுத்திணறல் என்று ஆரம்பிக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். தாமதமானால் இரத்தமே ஏற்ற வேண்டிவரும்.

நான்கு நாள் தங்க வந்த நாய் மூன்றாம் நாள் மாலை தோட்டத்து ஓரத்தில் எதையோ கவ்வி விழுங்கியது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் உரிமையாளர் வந்து மகிழ்ச்சியோடு கூட்டிச் செல்கிறார். நஞ்சு தன் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகு, அவர் வீட்டில். பராமரிப்பாளர் வெட்கத்தாலோ, பணம் போய்விடும் என்ற பயத்தாலோ அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டால், அந்த நாய் எதனால் சாகிறது என்றே யாருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் அன்று இரவே கிளினிக்குக்குப் போயிருக்கலாம்.

எலி மருந்து மட்டுமல்ல. பார்வோ தொற்றினால் அறிகுறி தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால்தான் மாலை நடை முடிந்ததும் காது மடல், கழுத்து, விரல் இடுக்கு என்று தடவிப் பார்த்து உண்ணியை எடுக்க வேண்டும். எடுத்ததை நோட்டில் எழுதவும் வேண்டும்.

இரவு: புலனத்தில் ஒரு செய்தி

இரவு உணவு, மருந்து, கடைசியாக ஒருமுறை வெளியே விடுதல், கதவுப் பூட்டைச் சரிபார்த்தல். பிறகு ஒவ்வொரு உரிமையாளருக்கும் புலனத்தில் ஒரு படமும் இரண்டு வரியும். "இன்னைக்குக் காலைல சாப்பிடல, ராத்திரி பாதி சாப்பிட்டுச்சு. ரெண்டு உண்ணி எடுத்தேன்." எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும் செய்தியை விட இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் செய்திதான் நம்பிக்கையை வளர்க்கும்.

அதற்குப் பிறகும் தூக்கம் அரைத் தூக்கம்தான். வயதான ஷெப்பர்ட் எழுந்து நடந்தால் காது விழித்துக்கொள்ளும். பெரிய உருவமுள்ள நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது விடியும்வரை காத்திருக்கக்கூடிய நோய் அல்ல. இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பவருக்கே அந்த நேரத்தில் வழி கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது இரக்கத்தால் மட்டும் செய்யும் வேலை அல்ல. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, விலங்கின் தேவைகளை வரையறுக்கிறது. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, மற்ற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவை அவை. கொடுமை செய்தது நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு விலங்குகளைத் தங்கவைப்பதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள், முதலில் கால்நடைச் சேவைத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்க வேண்டும். நாய்க்கான உரிமமும், ஒரு வீட்டில் எத்தனை நாய் வைத்திருக்கலாம் என்ற வரம்பும் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கின்றன. பெடாஸ் வட்டாரத்தினர் ரெம்பாவ் மாவட்ட மன்றத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்கினால் பின்னால் வரும் தலைவலி குறையும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. கணக்கில் இல்லாத, ஊசி போடாத நாயைப் பற்றி அதிகாரிகள் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரு பக்கமும் சொல்ல வேண்டியது

தெரிந்தவர்தானே என்று கூலி பேசாமல் விடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். பிறகு இரு தரப்புக்கும் மனக்கசப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு, உணவு யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யாருடையது, வருவது தாமதமானால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். உறவும் கெடாது.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியதும் எளிதுதான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பகலில் ஒருமுறை நாயைப் பராமரிப்பாளர் வீட்டுக்குக் கூட்டிச்சென்று பழக்குங்கள். அது படுக்கும் பழைய சாக்கையோ துண்டையோ துவைக்காமல் கூடக் கொடுத்தனுப்புங்கள். வீட்டு வாசனை அதற்கு ஆறுதல். நாயின் குறைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கூட்டிச்செல்ல வரும் நாளில், கதவுச் சத்தம் கேட்டதும் நாய் துள்ளிக் குதிக்கும். அந்த மகிழ்ச்சியில் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள். என்ன சாப்பிட்டது, எங்கே நடந்தது, எதைக் கவ்வியது என்று கேளுங்கள். பராமரிப்பாளர் தயங்கித் தயங்கி ஒரு தவற்றைச் சொன்னால் கோபப்படுவதற்கு முன் நன்றி சொல்லுங்கள். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது, நாயாலும் சொல்ல முடியாது.